மியூனிக்கிலிருந்து வந்த புத்தர்

ஜேர்மன் படங்கள் என்று பேச்சு வந்தால் நம்ம கூட்டாளிமார் ஒரே மூச்சில் ஒப்புவிக்கிற பட்டியல் ஒன்று இருக்கு. 'டொக்டர் கலிகாரி' (1920), 'நொஸ்ஃபெராட்டு' (1922), 'மெட்ரோபொலிஸ்' (1927), 'எம்' (1931). பிறகு ஒரே பாய்ச்சல். ஃபாஸ்பிண்டர், ஹெர்ட்ஸோக், வெண்டர்ஸ். அப்புறம் 'ரன் லோலா ரன்' (1998), 'குட்பை லெனின்' (2003), ஒட்டுக்கேட்கும் உளவுத்துறைக்காரனைப் பற்றிய 'மற்றவர்களின் வாழ்வு' (2006). கடைசியில் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'மேற்கு முனையில் எல்லாம் அமைதி' (2022). பட்டியலில் பிழை ஒன்றும் இல்லை. எல்லாம் பார்க்க வேண்டிய படங்கள்தான்.

ஆனா அந்தப் பட்டியலில் எப்பவும் விடுபட்டுப்போகிற ஒரு பெயர் இருக்கு. ஃபிரான்ஸ் ஒஸ்டன். மியூனிக்காரர். 1925இல் புத்தரின் வாழ்க்கையை இந்தியாவுக்கு வந்து படமாக்கினார். 1936இல் தீண்டாமைக்கு எதிரான ஒரு படத்தை பம்பாயில் இயக்கினார். அதே 1936இல் ஹிட்லரின் நாஜிக் கட்சியில் உறுப்பினரானார்.

கடைசி வசனத்தை இன்னொரு தடவை வாசியுங்கள். எனக்கும் முதல் தடவை விளங்கவில்லை. இந்த மூன்றும் ஒரே ஆளின் வாழ்க்கையில் எப்படி வந்தன என்று தேடிப்போனால், பம்பாய், கொழும்பு, தியத்தலாவை, சேலம், மறுபடியும் மியூனிக் என்று கதை நீண்டுகொண்டே போகிறது. தம்புள்ளையையும் அது தொடாமல் போகவில்லை.

முதலில் நாம்தான் அங்கே காட்சிப்பொருள்

சினிமா வருவதற்கு முன்பே ஜேர்மன்காரர்கள் இலங்கையைக் காசு கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஹம்பர்க்கில் மிருக வியாபாரம் செய்த கார்ல் ஹாகன்பெக், யானை சிங்கத்தோடு மனிதர்களையும் கூட்டிக்கொண்டு போய் ஊர் ஊராகக் காட்டினார். 1883-84இல் அவர் நடத்திய 'சிலோன்' கண்காட்சியில் இங்கிருந்து போன ஆண்களும் பெண்களும் பிள்ளைகளும் யானைகளோடு நின்றார்கள். வேலி போட்டு, டிக்கெட் விற்று, மனிதரை மனிதர் பார்த்தார்கள்.

அவருடைய மாற்றாந்தாய் வழித் தம்பி ஜோன் ஹாகன்பெக் கொழும்பிலேயே குடியேறி தோட்டங்களும் வியாபாரமும் வைத்திருந்தவர். முதலாம் உலகப்போரில் எதிரிநாட்டவர் என்று சொத்தெல்லாம் பறிபோக, ஜேர்மனிக்குத் திரும்பி தன் பெயரிலேயே ஒரு படக் கம்பனியைத் தொடங்கினார். காடு, புலி, ராஜா, நாட்டியக்காரி என்று கீழைத்தேயக் கதைகளுக்கு அப்போது அங்கே நல்ல கிராக்கி. பிறகு மீண்டும் இலங்கைக்கு வந்தார். தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையின் தொடக்கம் அவருடைய முயற்சிதான். 1936இல் அதை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் நாம் எல்லாரும் வரிசையில் நின்று பார்த்த அதே இடம்.

இந்தக் கிராக்கியின் உச்சம் ஜோ மே இயக்கிய 'இந்தியக் கல்லறை' (1921). கதையை எழுதியவர்கள் ஃபிரிட்ஸ் லாங்கும் தேயா ஃபொன் ஹார்போவும். பின்னாளில் 'மெட்ரோபொலிஸ்' தந்த அதே ஜோடி. தன்னை ஏமாற்றிய மனைவிக்காக ஒரு மகாராஜா கல்லறை கட்டச் சொல்கிறான், அவளோ இன்னும் உயிரோடு இருக்கிறாள். இதுதான் கதை. படத்தின் 'இந்தியா' முழுவதும் பேர்லினுக்குப் பக்கத்தில் வோல்டர்ஸ்டோர்ஃப் என்ற ஊரில் எழுப்பிய செற். மகாராஜாவாக நடித்தவர் கொன்ராட் ஃபைட், 'கலிகாரி'யில் தூக்கத்தில் நடப்பவனாக வந்தவர். இந்தக் கதையை ஜேர்மன்காரர்கள் விடவே இல்லை. 1938இல் மறுபடியும் எடுத்தார்கள். 1959இல் லாங் தானே உதய்ப்பூருக்கு வந்து மூன்றாவது தடவை எடுத்தார்.

ஒஸ்டனின் படத்தை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால்தான் அதன் புதுமை தெரியும்.

ஆசிய ஜோதி

ஹிமான்சு ராய் வங்காளி. இலண்டனில் சட்டம் படிக்கப்போய் நாடகத்தில் இறங்கியவர். நிரஞ்சன் பால் எழுத்தாளர், விடுதலைப் போராட்டத் தலைவர் பிபின் சந்திர பாலின் மகன். எட்வின் ஆர்னல்ட் 1879இல் ஆங்கிலத்தில் எழுதிய புத்தர் காவியத்தை, கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 'ஆசிய ஜோதி' என்று தமிழுக்குத் தந்தாரே, அதே நூலைப் படமாக்க வேண்டும் என்பது இருவரின் கனவு. 1924இல் ராய் மியூனிக்குக்குப் போய் எமெல்கா என்ற படக் கம்பனியோடு பேசினார். ஒப்பந்தம் எளிமையானது. கமராவும் தொழில்நுட்பக் கலைஞரும் இயக்குநரும் ஜேர்மனியிலிருந்து. பணமும் நடிகர்களும் இடங்களும் இந்தியாவிலிருந்து.

எமெல்காவின் நிறுவகர் பீட்டர் ஒஸ்டர்மாயர். அவருடைய அண்ணன்தான் ஃபிரான்ஸ் ஒஸ்டர்மாயர், படங்களில் 'ஒஸ்டன்'. 1925இல் வில்லி கீர்மையர், யோசெஃப் விர்ஷிங் என்ற இரண்டு ஒளிப்பதிவாளர்களோடு அவர் பம்பாயில் வந்து இறங்கினார். ஜெய்ப்பூர் மகாராஜா அரண்மனையும் யானையும் ஆட்களும் கொடுத்து உதவினார். ராய் தானே கௌதமராக நடித்தார். கோபாவாக (நாம் யசோதரை என்று சொல்வோம்) நடித்தவர் சீதா தேவி. உண்மைப் பெயர் ரெனே ஸ்மித், ஆங்கிலோ இந்தியப் பெண்.

பேர்லின் ஸ்டூடியோக்களில் துணியில் நிழலை வரைந்துகொண்டிருந்த காலத்தில் இந்தக் குழு உண்மையான வெயிலில், உண்மையான தெருவில், உண்மையான சனத்தை வைத்து எடுத்தது. 1925 ஒக்டோபரில் மியூனிக்கில் படம் வெளியானது. ஐரோப்பாவில் நல்ல வரவேற்பு. அடுத்த வருடம் விண்ட்சர் மாளிகையில் இங்கிலாந்து மன்னருக்கே போட்டுக் காட்டினார்கள். பிறகு இதே கூட்டணி தாஜ்மஹால் கதையாக 'ஷிராஸ்' (1928), மகாபாரதச் சூதாட்டத்தைத் தழுவி 'பகடை வீச்சு' (1929) என்று இன்னும் இரண்டு மௌனப்படங்கள் எடுத்தது. இரண்டும் அண்மையில் சுத்திகரிக்கப்பட்டு புது இசையோடு வந்திருக்கு. பழைய படம் என்று ஒதுக்காதீங்க, 'பகடை வீச்சு' இன்றைக்கும் கண்ணைக் கட்டிப்போடும்.

சரி, புத்தரைப் பற்றிய படம். பௌத்த நாடான இலங்கையில் எப்படி ஓடியது?

ஓடவே இல்லை. இலங்கையிலும் மலாயாவிலும் அதற்குத் தடை.

குகையில் இருக்கும் புத்தர், திரையில் வரக்கூடாத புத்தர்

புத்தராக ஒரு மனிதன் வேடம் போடலாமா என்பது பௌத்த நாடுகளில் எப்பவும் கூர்மையான கேள்வி. சாஞ்சியின் பழைய சிற்பங்களைப் பாருங்கள். புத்தரின் உருவமே இருக்காது. பாதச்சுவடு, வெற்று ஆசனம், போதி மரம் இவைதான் அவர். பிறகுதான் சிலை வந்தது, ஓவியம் வந்தது. ஒவ்வொரு புது வடிவமும் வந்தபோது யாராவது 'இது சரியா?' என்று கேட்டிருப்பார்கள். 1925இல் அந்த இடத்தில் நின்றது சினிமா.

தம்புள்ளையில் இருக்கிறவனுக்கு இது தூரத்துக் கதை இல்லை. மலையேறிப் போனால் ஐந்து குகைகள். 1991இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தவை. இரண்டாம் குகையின் கூரையை அண்ணாந்து பார்த்தால் மாரனின் படையும் மாரனின் மகள்மாரும் புத்தரைச் சூழ்ந்து நிற்கும் காட்சி. பாறையின் மேடு பள்ளத்தோடு சேர்ந்து ஓவியமும் வளைந்து போகும். கழுத்து வலிக்கும்வரை பார்க்கலாம். கட்டம் கட்டமாகக் கதை சொல்லும் முறையைச் சினிமா கண்டுபிடிக்கவில்லை என்று எனக்கு விளங்கியது அங்கேதான்.

குகைகளைப் பற்றி நாம் படிக்கும் வரலாறு வலகம்பா மன்னனிலிருந்து தொடங்கும். கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில் தென்னிந்தியப் படையெடுப்பிலிருந்து தப்பி ஒளிந்திருந்த மன்னன், ஆட்சியை மீட்டதும் நன்றியாகக் கோயில் அமைத்தான் என்பது கதை. வகுப்பில் 'தமிழ்ப் படையெடுப்பு' என்ற சொல் வரும்போது பக்கத்து மேசைக் கண்கள் ஒரு நொடி நம்ம பக்கம் திரும்பும். தமிழ்ப் பிள்ளைகளுக்கு அது பழகிப்போன நொடி. அதே வரலாற்றின் அடுத்த பக்கம் அவ்வளவு சத்தமாக வாசிக்கப்படுவதில்லை. இன்று நாம் பார்க்கிற ஓவியங்களில் பெரும்பகுதி 18ஆம் நூற்றாண்டின் கண்டி மரபைச் சேர்ந்தது. குகைகளைப் புதுப்பித்தவன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் (1747-1782). மதுரை நாயக்கர் வழிவந்த குடும்பத்தவன். இந்தக் கோயிலில் விஷ்ணுவும் நிற்கிறார்.

அதாவது தம்புள்ளையின் புத்தருக்கு நிறம் தீட்டக் காசு கொடுத்தவன் தென்னிந்திய வழித்தோன்றல். ஆசிய ஜோதியின் புத்தரை உருவாக்கியவர்கள் வங்காளிகளும் பவேரியர்களும். முதலாவது புனித பூமியின் பெருமை ஆகிவிட்டது. இரண்டாவது தடைசெய்யப்பட்டது. 2013இல் இலங்கையிலேயே 'ஸ்ரீ சித்தார்த்த கௌதம' என்ற படம் வந்தது. சித்தார்த்தராக நடித்தவர் ககன் மாலிக் என்ற இந்திய நடிகர். தியேட்டருக்குக் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். தொண்ணூறு வருடத்துக்குள் 'கூடாது' என்பது 'கட்டாயம் பார்க்கணும்' ஆகிவிட்டது.

'இது யாருடையது, யார் தொடலாம், யார் இங்கே இருக்கலாம்' என்ற கேள்வி எங்க ஊரில் சினிமாவோடு நிற்பதில்லை. 2012 ஏப்ரலில் தம்புள்ளைப் பள்ளிவாசலுக்கு எதிராக நடந்ததை நாடே பார்த்தது. புனிதம் என்ற சொல்லுக்கு எல்லை போடுகிறவர்கள் அந்த எல்லையைக் காலத்துக்குக் காலம் நகர்த்தி வந்திருக்கிறார்கள் என்பதைத்தான் இந்தப் பழைய பட விவகாரமும் காட்டுது.

1936

பேசும்படம் வந்ததும் ராய் 1934இல் பம்பாயின் மலாட் பகுதியில் 'பம்பாய் டாக்கீஸ்' நிறுவனத்தை ஆரம்பித்தார். கூட இருந்தவர் மனைவி தேவிகா ராணி, பேர்லினின் உஃபா ஸ்டூடியோவில் பயிற்சி பெற்றவர். ஒஸ்டனும் விர்ஷிங்கும் மீண்டும் வந்தார்கள். செற் அமைக்கக் கார்ல் ஃபொன் ஷ்ப்ரெட்டி, லாபுக்கு வில்ஹெல்ம் ட்சொல்லே. இந்தியாவின் நவீன ஸ்டூடியோ ஒன்றின் முதுகெலும்பு ஜேர்மன்காரர்கள். ஒஸ்டனுக்கு ஹிந்தி தெரியாது. தெரியாமலேயே 1935க்கும் 1939க்கும் இடையில் பத்துக்கும் மேற்பட்ட ஹிந்திப் படங்களை இயக்கினார்.

அதில் முக்கியமானது 'அச்சுத் கன்யா' (1936). தலைப்பின் பொருள் 'தீண்டத்தகாத பெண்'. ரயில்வே கேட் காவலாளி துக்கியா ஒடுக்கப்பட்ட சாதி. பாம்பு கடித்த பிராமணக் கடைக்காரன் மோகனின் உயிரை அவன் காப்பாற்றுகிறான். இரண்டு குடும்பமும் நட்பாகிறது. துக்கியாவின் மகள் கஸ்தூரியும் மோகனின் மகன் பிரதாப்பும் ஒன்றாக வளர்ந்து, காதலித்து, சாதியால் பிரிக்கப்படுகிறார்கள். கடைசியில் தண்டவாளத்தில் ஓடிவரும் ரயிலை நிறுத்தப்போய் கஸ்தூரி செத்துப்போகிறாள். கஸ்தூரியாக தேவிகா ராணி. பிரதாப்பாக, அதே ஸ்டூடியோ லாபில் வேலை செய்துகொண்டிருந்த அசோக் குமார். கதை நிரஞ்சன் பால், இசை சரஸ்வதி தேவி. இன்று பார்த்தால் நிறையக் குறை சொல்லலாம். ஒடுக்கப்பட்ட பெண் ஏன் எப்பவும் தியாகம் செய்து சாகணும்? அவளுக்கு ஏன் கோபமே வருவதில்லை? நியாயமான கேள்விகள். ஆனாலும் பெரிய நட்சத்திரத்தை வைத்து, வெகுசனப் படமாக, 1936இல் இதை எடுத்தது சின்ன விஷயம் இல்லை. அடுத்த வருடம் தமிழில் கே. சுப்ரமணியம் 'பாலயோகினி' எடுத்தார். காலத்தின் காற்று அப்படி இருந்தது.

ஜேர்மனியில் காற்று வேறு திசை. 1935 செப்டெம்பரில் நியூரம்பெர்க் சட்டங்கள் வந்தன. யூதரும் 'ஜேர்மன் இரத்தமும்' திருமணம் செய்வது குற்றமாகியது. பிறப்பை வைத்துக் காதலைத் தடைசெய்யும் சட்டம். அதற்கு அடுத்த வருடம், பிறப்பை வைத்துத் தடைசெய்யப்பட்ட ஒரு காதலுக்காக அழ வைக்கும் படத்தை ஒஸ்டன் பம்பாயில் இயக்குகிறார். அதே வருடம், அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த கட்சியிலும் சேர்கிறார்.

எப்படி முடிந்தது? சிலர் சொல்லலாம், வெளிநாட்டில் வேலை செய்யும் ஜேர்மன்காரருக்குக் கட்சி அட்டை ஒரு பாதுகாப்பு, அவ்வளவுதான் என்று. இன்னும் சிலர் சொல்லலாம், கதை நிரஞ்சன் பாலுடையது, மொழி தெரியாத இயக்குநர் வெளிச்சத்தையும் நடிப்பையும் மட்டும்தான் பார்த்துக்கொண்டார் என்று. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். எனக்கு இன்னொன்றும் படுகிறது. அடுத்தவன் வீட்டு அநியாயம் நமக்குத் துலக்கமாகத் தெரியும். இந்தியச் சாதியைப் பார்த்துக் கண்கலங்க ஒரு மியூனிக்காரருக்கு எந்தச் செலவும் இல்லை. தன் தெருவில் யூதரின் கடை உடைபடும்போது வாய் திறக்கத்தான் விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

இதை ஒஸ்டனோடு முடித்துவிட எனக்கு விருப்பமில்லை. நாமும் 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' பார்த்து அழுகிறோம், ஸ்டேட்டஸ் போடுகிறோம். நம்ம தோட்டத்து லயத்தில் சாதி இல்லை என்று மேடையில் சொல்லுவோம். வீட்டில் ஒரு கல்யாணப் பேச்சு வரட்டும், அப்ப தெரியும். யாழ்ப்பாணத்தில் 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் உள்ளே போக விடுங்கள் என்று மனிதர்கள் போராட வேண்டியிருந்தது. மறிக்க நின்றவர்களும் தமிழர்கள்தான். பிரஜாவுரிமைச் சட்டம் வந்த 1948இல் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கும் வாக்கெடுப்பில் யார் யார் எந்தப் பக்கம் நின்றார்கள், யார் பிறகு பக்கம் மாறினார்கள் என்பதையும் நாம் படித்திருக்கிறோம். ஒஸ்டன்கள் ஜேர்மனியில் மட்டும் பிறப்பதில்லை.

அதே வருடம் இன்னொரு ஜேர்மன்காரர்

1936க்கு இன்னொரு முகமும் இருக்கு, அது இலங்கையில். ஸீக்மண்ட் ஃபெனிகர் என்ற யூத இளைஞர் நாஜிகளின் ஜேர்மனியை விட்டு வெளியேறி அந்த வருடம் இலங்கைக்கு வந்தார். தொடந்துவ ஏரித்தீவில் ஜேர்மன் பிக்கு ஞானதிலோக்க நடத்திய ஆசிரமத்தில் துறவியானார். ஞானபோனிக்க என்ற பெயரில் உலகம் அறிந்தவர் அவர்தான். ஒஸ்டனுக்கும் அவருக்கும் பொதுவானது மொழியும் புத்தர் மேல் இருந்த ஈர்ப்பும். ஒருவர் புத்தரைப் படமாக்கிவிட்டு நாஜிக் கட்சிக்குப் போனார். மற்றவர் அந்தக் கட்சியிடமிருந்து தப்பி புத்தரிடம் வந்தார்.

1939 செப்டெம்பரில் யுத்தம் தொடங்கியதும் பிரித்தானிய அரசுக்கு இந்த வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. ஜேர்மன் கடவுச்சீட்டு என்றால் எதிரி. பம்பாயில் ஒஸ்டனும் விர்ஷிங்கும் பிடிபட்டார்கள். இலங்கையில் ஞானதிலோக்கவும் ஞானபோனிக்கவும் தியத்தலாவை முகாமுக்கும் பிறகு டேராடூனுக்கும் கொண்டுபோகப்பட்டார்கள். ஹிட்லரிடமிருந்து தப்பி வந்த யூதத் துறவி ஹிட்லரின் ஆள் என்று அடைக்கப்பட்டார்! பெயரையும் அடையாள அட்டையையும் பார்த்து ஆளை முடிவு செய்யும் பழக்கம் நமக்குத் தெரியாததா என்ன.

ஒஸ்டன் 1940இல் விடுதலையாகி ஜேர்மனிக்குத் திரும்பினார். 'கங்கன்' (1939) அவருடைய கடைசி இந்தியப் படம். அதே 1940இல் ஹிமான்சு ராய் இறந்தார். ஒஸ்டன் 1956இல் இறந்தார். ஞானபோனிக்க விடுதலைக்குப் பின் கண்டிக்கு வந்து, 1958இல் பௌத்த நூல் வெளியீட்டுச் சங்கத்தை ஆரம்பித்தவர்களில் ஒருவரானார்.

விர்ஷிங் போகவில்லை. யுத்தம் முடிந்து வெளியே வந்ததும் மீண்டும் பம்பாயில் கமராவுக்குப் பின்னால் நின்றார். மதுபாலா நடித்த 'மஹல்' (1949) படத்தைப் பாருங்கள். பாழடைந்த மாளிகை, ஊஞ்சல், பாதி முகத்தில் இருட்டு. 'நொஸ்ஃபெராட்டு' காலத்து மாணவன் ஒருவனின் கை அதில் தெரியும். 1967இல் அவர் இறந்தபோது 'பாக்கீஸா' முடிந்திருக்கவில்லை. அது 1972இல் வெளியானது. கைதியாக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட பவுல் ட்ஸில்ஸ் இந்திய ஆவணப்பட முன்னோடிகளில் ஒருவரானார். பாப்ஸ்டின் 'மகிழ்ச்சியற்ற தெரு' (1925) படத்துக்குத் திரைக்கதை எழுதிய யூத எழுத்தாளர் வில்லி ஹாஸ் 1939இல் இந்தியாவுக்கு அகதியாக வந்து இங்கும் படங்களுக்கு எழுதினார்.

தமிழ்ச் சினிமாவுக்கும் இதில் பங்கு இருக்கு. சேலத்தில் டி.ஆர். சுந்தரத்தின் மொடர்ன் தியேட்டர்ஸ் ஜேர்மன் ஒளிப்பதிவாளரை வேலைக்கு வைத்திருந்தது. பி.யு. சின்னப்பா இரட்டை வேடத்தில் வந்த 'உத்தமபுத்திரன்' (1940) ஜேர்மன் கமராக்காரரின் வேலை. அந்த மொடர்ன் தியேட்டர்ஸின் முதல் படமான 'சதி அகல்யா'வில் (1937) நாயகி யார் தெரியுமா? இணுவிலில் பிறந்த தவமணிதேவி.

திரும்பவும் மியூனிக்

யுத்தம் முடிந்த கையோடு, இடிபாட்டுப் பேர்லினில் வொல்ஃப்காங் ஷ்டவ்டே ஒரு படம் எடுத்தார். 'கொலைகாரர்கள் நம் நடுவே' (1946). போர்க்களத்தில் பொதுமக்களைச் சுடச்சொன்ன அதிகாரி இப்போது நல்ல தொழிலதிபர், நல்ல அப்பா. அவனை என்ன செய்வது என்பதுதான் கதை. தலைப்பை மட்டும் தமிழில் சொல்லிப்பாருங்கள், நம்ம நாட்டில் எவ்வளவு பாரமாகக் கேட்குது என்று தெரியும். எங்களிடமும் அப்படிப்பட்ட முயற்சிகள் இருக்கு. பிரசன்ன விதானகேயின் 'புரஹந்த களுவர' (1997) தடுக்கப்பட்டு, உயர்நீதிமன்றம் வரை போய்த்தான் திரைக்கு வந்தது.

1962 பெப்ரவரியில் ஒபர்ஹவுசனில் இளம் இயக்குநர்கள் கூடி, அப்பாமாரின் சினிமா செத்துவிட்டது என்று அறிவித்தார்கள். அதன் அலையில் வந்தவர்தான் ரைனர் வெர்னர் ஃபாஸ்பிண்டர். அவருடைய 'பயம் ஆன்மாவைத் தின்னும்' (1974) ஒஸ்டனின் அதே மியூனிக்கில் நடக்கிறது. எம்மி வயதான துப்புரவுத் தொழிலாளி, விதவை. அலி மொரோக்கோவிலிருந்து வந்த கூலித் தொழிலாளி. மழைக்கு ஒதுங்கிய இடத்தில் சந்தித்துக் கல்யாணம் கட்டுகிறார்கள். பிள்ளைகள், அயலவர், மளிகைக்கடைக்காரர் எல்லாரும் ஒதுக்குகிறார்கள். தலைப்பே ஜேர்மன் இலக்கணப்படி பிழை. அலி பேசும் உடைந்த ஜேர்மனில் வைத்த தலைப்பு அது.

அந்தப் படத்தில் எம்மி போகிற போக்கில் சொல்லுவாள், அந்தக் காலத்தில் தானும் கட்சியில் இருந்ததாக, ஏறக்குறைய எல்லாரும் இருந்ததாக. கல்யாணச் சாப்பாட்டுக்கு அலியைக் கூட்டிப்போகும் இடம் ஹிட்லர் சாப்பிட்ட உணவகம். அவள் கெட்டவள் இல்லை. அலியை உயிராக நேசிக்கிறாள். ஆனா அயலவர் மறுபடி சிரிக்கத் தொடங்கியதும், கூட வேலை செய்யும் பெண்களுக்கு அலியின் கைத்தசையைத் தொட்டுப் பார்க்கக் காட்டுகிறாள். ஹாகன்பெக்கின் வேலி வீட்டு வரவேற்பறைக்கு வந்துவிட்டது. ஒஸ்டனைப் புரிந்துகொள்ள எந்த வரலாற்று நூலையும்விட இந்த ஒரு பாத்திரம் எனக்கு உதவியது. நேசமும் குருடும் ஒரே நெஞ்சில் இருக்க இடம் உண்டு.

1983க்குப் பிறகு நம்ம ஆக்கள் கிழக்கு பேர்லின் வழியாக மேற்கு ஜேர்மனிக்குள் போனபோது வாடகைக்கு வீடு கேட்ட கதவுகளுக்குப் பின்னால் இருந்தவர்கள் இந்த எம்மியின் அயலவர்கள்தான். 1986இல் கனடாவின் நியூபவுண்ட்லாந்து கடலில் உயிர்காப்புப் படகுகளில் கண்டெடுக்கப்பட்ட 150க்கும் மேற்பட்ட தமிழர்கள் கப்பலேறியதும் மேற்கு ஜேர்மனியிலிருந்துதான். சுவிஸுக்குப் போனவர்களுக்கு இன்னொரு படம் பொருந்தும். ரொல்ஃப் லிஸியின் 'சுவிஸ்காரரை உருவாக்குவோர்' (1978). பிரஜாவுரிமை கேட்பவர் உண்மையான சுவிஸ்காரராகிவிட்டாரா என்று இரண்டு அதிகாரிகள் வீடு வீடாக வேவு பார்க்கும் நகைச்சுவைப் படம். அந்நாட்டில் சக்கைபோடு போட்டது. பிரஜாவுரிமைக்காகத் தலைமுறையாக வரிசையில் நின்ற மலையகத்தவன் அதைப் பார்த்தால் சிரிப்பான், கொஞ்சம் பிந்தி.

துருக்கிக் குடும்பத்துப் பிள்ளை ஃபாத்தி அக்கின் 'சுவரோடு மோதி' படத்துக்கு 2004இல் பேர்லின் தங்கக் கரடி வாங்கினார். பார்க்கப்பட்டவர்களின் பிள்ளைகள் கமராவைப் பிடித்தால் என்ன நடக்கும் என்பதற்கு அது சாட்சி. அன்னா லுயிஃபின் 'மாட்லி இன் லவ்' சூரிச் தமிழ் இளைஞன் ஒருவனின் காதலைச் சொன்னது, ஆனா சொன்னவர் தமிழர் இல்லை. டோர்ட்முண்டிலும் பேர்னிலும் வளர்ந்த நம்ம பிள்ளைகள் ஜேர்மன் மொழியில் எடுக்கப்போகும் படங்களுக்காக நான் காத்திருக்கிறேன். அதில் நம்மைப் பற்றிய புகழ்ச்சி மட்டும் இருந்தால் எனக்கு ஏமாற்றமாக இருக்கும்.

பட்டியலுக்கு வருவோம். 'கலிகாரி'க்கும் 'லோலா'வுக்கும் நடுவில் ஒஸ்டனின் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகத்திலோ ஊர் வாசிகசாலையிலோ திரையிடல் வைக்கிறவர்களுக்கு ஒரு யோசனை. ஒரே நாளில் இரண்டு படம் போடுங்கள். காலையில் 'அச்சுத் கன்யா', பின்னேரம் 'பயம் ஆன்மாவைத் தின்னும்'. முதல் படத்தை எடுத்தவர் யார், அதே வருடம் எந்தக் கட்சியில் சேர்ந்தார் என்பதை இரண்டுக்கும் நடுவில் சாப்பாட்டு நேரத்தில் சொல்லுங்கள், முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். பின்னேரம் நடக்கும் கலந்துரையாடலில் ஜேர்மனியைப் பற்றிப் பேச நிறைய ஆள் எழும்பும். நம்ம ஊரைப் பற்றி முதலில் யார் பேசுகிறார் என்று பாருங்கள்.